ஓட்டை பொருந்தினால் சக்கரம் பொருந்துமா?

புதுச்சேரி முதலியார்பேட்டையைக் கடந்து போகும் கடலூர் சாலையில் இரண்டு வகைப் பழசுக்கும் இடம் உண்டு. பாகூர்ப் பக்கத்து வயல்களுக்காக உழைக்கும் டிராக்டர்களில் சில, அவற்றை ஓட்டுகிற பையன்களைவிட வயதில் மூத்தவை. எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, துடைத்து மினுக்கிய பழங்கார் ஒன்று கடற்கரைச் சாலையைப் பார்த்துப் போகும். ஒன்று சோறு போடுவது, மற்றது சொந்தக்காரரின் காசைத் தின்பது. ஆனாலும் இரண்டுக்கும் தலைவலி ஒன்றுதான்: உதிரிபாகம் கிடைப்பதில்லை. அதிலும் சக்கரத்தைத் தாங்கும் ஹப் விரிசல் விட்டாலோ, பேரிங் உட்காரும் இடம் தேய்ந்து பள்ளமானாலோ வண்டி அன்றோடு நின்றுவிடும். அப்போதுதான் அந்த யோசனை எட்டிப்பார்க்கும். அதே காலத்து டிராக்டர் ஒன்று பழைய இரும்புக் கடையில் கிடக்கிறது, அதன் ஹப்பைக் கழற்றிக் காரில் போட்டால் என்ன? அல்லது காரின் ஹப்பை டிராக்டருக்கோ டிரெய்லருக்கோ கொடுத்தால் என்ன? பட்டறையில் இதற்குப் பெரும்பாலும் ஒரே சோதனைதான். ஹப்பின் ஸ்டட்டும் சக்கரத்தின் ஓட்டையும் ஒத்துப்போகிறதா என்று வைத்துப் பார்ப்பார்கள், போனால் மாட்டிவிடுவார்கள். அந்தச் சோதனை போதாது. ஹப் மாற்றம் எப்போதுமே தப்பு என்று சொல்ல வரவில்லை. எந்த வண்டியிலிருந்து எந்த வண்டிக்கு, எந்த வேகத்துக்கு, எந்தப் பாரத்துக்கு என்பதை வைத்துத்தான் அது சரியா தப்பா என்று தீர்மானிக்க முடியும்.

ஹப் என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். முன் சக்கரத்தில் ஸ்டப் ஆக்சில் அசையாமல் நிற்கிறது. அதன்மேல் இரண்டு பேரிங். உள்பக்கம் பெரியது, வெளிப்பக்கம் சின்னது. இரண்டின் மேலும் ஹப் சுழல்கிறது. ஹப்பின் முகத்தில் ஸ்டட்டுகள், ஸ்டட்டுகளில் சக்கரம். கார் என்றால் அதே ஹப்பில் பிரேக் டிரம்மும் சேர்ந்து சுழலும். பேரிங் பெரும்பாலும் டேப்பர் ரோலர் வகை. அமெரிக்காவில் ஹென்றி டிம்கன் 1898-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. மேலிருந்து அழுத்தும் பாரத்தையும், வளைவில் பக்கவாட்டில் தள்ளும் விசையையும் சேர்த்தே தாங்கும். சக்கரத்தின் மையக்கோடு உள்பக்கத்துப் பெரிய பேரிங்குக்குக் கிட்டே விழும்படி வடிவமைத்திருப்பார்கள், பாரத்தின் பெரும்பங்கை அது சுமக்க வேண்டும் என்பதற்காக. இந்த ஒரு விவரத்தை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஹப்பின் முகம் ஓர் அங்குலம் வெளியே தள்ளிப் போனாலும் பாரம் சின்னப் பேரிங்கின் பக்கம் சாய்ந்துவிடும் என்பது புரியும். ஓட்டைகள் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும், சக்கரமும் சுற்றும். தப்பு வெளியே தெரியாது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை முதலிலேயே எடுத்துக்கொள்வோம். காரும் டிராக்டரும் பாகங்களைப் பகிர்ந்துகொள்வது பட்டறைக்காரர் கண்டுபிடித்த குறுக்குவழி அல்ல, அவற்றைப் படைத்தவர்களே செய்த காரியம் என்பதுதான் அந்த வாதம். அது உண்மையும்கூட. ஹென்றி ஃபோர்ட் 1907-இல் செய்து பார்த்த சோதனை டிராக்டர், கார் பாகங்களை ஒட்டுப்போட்டு உருவானதுதான். 1939-இல் ஹாரி ஃபெர்குசனோடு சேர்ந்து அவர் கொண்டுவந்த 9என் டிராக்டரின் இன்ஜின், மெர்குரி காரின் வி8 இன்ஜினில் ஏறக்குறையப் பாதி. சிலிண்டரின் அகலமும் பிஸ்டனின் ஓட்டமும் இரண்டிலும் ஒன்றே; எட்டுக்குப் பதில் நான்கு சிலிண்டர், அவ்வளவுதான் வித்தியாசம். ஃபோர்டோடு பிணக்கு வருவதற்கு முன்பே ஃபெர்குசன் இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் கம்பெனியோடு கைகோத்தார். கவன்ட்ரி நகரின் பேனர் லேன் ஆலையில் 1946 முதல் 1956 வரை டிஇ20 டிராக்டர் ஐந்து லட்சத்துக்கும் மேல் உருவானது. அதில் பெரும்பாலானவற்றில் இருந்த ஸ்டாண்டர்ட் இன்ஜினின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் ஸ்டாண்டர்ட் வேன்கார்ட் காரின் இன்ஜினும், பிறகு வந்த ட்ரையம்ப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜினும். அந்த வேன்கார்ட் நமக்கு அந்நியமானதல்ல. சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் முதலில் பூட்டி விற்றது அதைத்தான். ஹெரால்டும் கெஸலும் பின்னால் வந்தவை. அதாவது சென்னையில் வேன்கார்டில் போன கனவானும் கவன்ட்ரிக்குப் பக்கத்தில் உழுத குடியானவனும் ஒரே இன்ஜின் வம்சத்தை நம்பித்தான் வாழ்ந்தார்கள். டயரிலும் இந்தக் கொடுக்கல் வாங்கல் உண்டு. இரும்புச் சக்கரத்தில் உருண்டுகொண்டிருந்த டிராக்டருக்குக் காற்றடைத்த டயர் போட்டுப் பார்க்க அலிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் 1930களின் தொடக்கத்தில் துணிந்தபோது, சோதனைக்கு எடுத்துக்கொண்டது விமான டயரை.

வரலாறு இப்படியிருக்க, ஹப்புக்கு மட்டும் ஏன் இவ்வளவு ஆசாரம் என்று கேட்கலாம். அதே வரலாற்றை இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் பதில் கிடைக்கும். பகிர்ந்துகொள்ளப்பட்டது இன்ஜின். இன்ஜினுக்குத் தான் இருப்பது வயலிலா தார்ச்சாலையிலா என்பது தெரியாது. அதன் சுழற்சியைக் கியர் பெட்டி வாங்கித் தேவைக்கு ஏற்றபடி குறைத்துக்கொள்கிறது. ஹப்புக்கும் தரைக்கும் நடுவே அப்படி ஓர் இடைத்தரகர் கிடையாது. வண்டியின் வேகம், பாரம், குழி, வளைவு எல்லாம் நேராக அதன் தலையில் விழுகின்றன. டிஇ20-இன் முன்பக்கம் 19 அங்குல ரிம்மில் ஒடுங்கிய டயர், பின்பக்கம் 28 அங்குல ரிம்மில் அகன்ற டயர். வேன்கார்டின் சக்கரத்தோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இன்ஜினை இரவல் கொடுத்த அதே நிறுவனம் சக்கரத்தை இரவல் கொடுக்கவில்லை. மாடல் டி காரை டிராக்டராக மாற்ற 1910களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் விற்ற கிட்டுகளும் இதையே காட்டுகின்றன. காரின் பின் ஆக்சிலில் பெரிய இரும்புச் சக்கரத்தை அப்படியே மாட்டிவிடவில்லை. ஆக்சில் முனையில் சின்னப் பல்சக்கரத்தைப் பொருத்தி, அது பெரிய சக்கரத்தோடு சேர்ந்த பல்வளையத்தைச் சுற்றும்படி செய்தார்கள். வேகம் குறைந்தது, இழுவை கூடியது, பாரத்தைத் தாங்க வேறு அச்சு வந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் தபாலில் கிட் விற்றவனுக்குத் தெரிந்த விஷயம் இது.

இனி அளவுகள். ஏமாற்றுவது இங்கேதான். வில்லிஸ் ஜீப்பின் டயர் 6.00-16. மாஸி ஃபெர்குசன் 35-க்கும், அதன் வழிவந்த டாஃபே 1035-க்கும் முன் டயர் அதே 6.00-16. ஜீப் ரிம்மில் டிராக்டர் டயர் உட்காரும், டிராக்டர் ரிம்மில் ஜீப் டயர் உட்காரும். பார்க்கிறவர் இரண்டும் ஒரே ஜாதி என்று முடிவு கட்டிவிடுகிறார். ஆனால் ஜீப் ஹப்பில் ஐந்து ஸ்டட். அவற்றின் மையங்கள் வழியாக வரையும் வட்டத்தின் விட்டம், பட்டறையில் பிசிடி என்று சொல்வது, ஐந்தரை அங்குலம், அதாவது 139.7 மி.மீ. 1940களின் பெரும்பாலான ஃபோர்ட் கார்களுக்கும் இதே கணக்கு. மாருதி ஜிப்ஸிக்கும் இதேதான். மாஸி வகை டிராக்டரின் 16 அங்குல முன் சக்கரத்தில் பரவலாக இருப்பது ஆறு ஸ்டட், பிசிடி ஆறு அங்குலம், 152.4 மி.மீ. சரி, ஆறு ஸ்டட் உள்ள டொயோட்டா ஹைலக்ஸ் வகை சக்கரம் பொருந்துமா? அதற்கும் ஆறுதான், ஆனால் பிசிடி 139.7. ஓட்டைக்கு ஓட்டை இருக்க வேண்டிய இடைவெளியில் 6.35 மி.மீ. வித்தியாசம் வருகிறது. இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டத்தான் டிரில்லை வைத்து ஓட்டையை இழுத்துவிடுகிறார்கள். வட்ட ஓட்டை நீள்வட்டமாகிறது. நட்டின் கூம்பு முகம் பதிய வேண்டிய குழி அழிந்து, நட்டு ஓர் ஓரத்தில் மட்டும் கடித்துக்கொண்டு நிற்கிறது. அதை எவ்வளவு இறுக்கினாலும் பத்துக் கிலோமீட்டரில் தளரும். ஐந்து ஸ்டட் ஹப்பில் பிசிடியை நேராக அளக்கவும் முடியாது, எதிரும் புதிருமாக ஸ்டட் இல்லை. அடுத்தடுத்த இரண்டு ஸ்டட்டின் மையத்துக்கு மையம் அளந்து 0.588-ஆல் வகுக்க வேண்டும். ஜீப் ஹப்பில் 82 மி.மீட்டரைச் சற்றே தாண்டி அளவு வந்தால் சரி. இந்தச் சின்னக் கணக்கைப் போடாமல் கண்ணால் பார்த்துச் சொல்கிறவரிடம் வண்டியை விடாமல் இருப்பது உத்தமம்.

பிசிடி ஒத்துப்போனாலும் அது பத்துப் பொருத்தத்தில் ஒன்றுதான். சக்கரத்தின் நடு ஓட்டை ஹப்பின் கழுத்தில் உட்கார வேண்டும். ஆஃப்செட், அதாவது ஹப்பின் முகத்திலிருந்து சக்கரத்தின் மையக்கோடு தள்ளியிருக்கும் தூரம், மாறினால், மேலே சொன்ன மாதிரி, பாரம் சின்னப் பேரிங்குக்குப் போகும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். ஸ்டப் ஆக்சிலின் தடிமனும் பேரிங்கின் உள்விட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இடையில் புஷ் போடுகிறார்கள். அந்த புஷ் சூட்டில் நகர ஆரம்பித்தால் ஆக்சிலையே தின்றுவிடும். மரையும் ஒரு பொறி. பழைய வில்லிஸ் ஜீப்பில் இடப்பக்கச் சக்கர ஸ்டட்டுகள் இடப்புரி மரை. ஹப் இடம் மாறிய வண்டியில் அது தெரியாமல் வழக்கம்போல் கழற்றப் பார்த்து, நாலு பேர் ஸ்பேனரில் தொங்கி ஸ்டட்டை முறித்த கதை எல்லா ஊரிலும் உண்டு.

புதுச்சேரியில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு முடிச்சும் இருக்கிறது. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சி நீடித்த ஊர் இது. இங்கே பழங்கார் என்றதும் சித்ரோயன், பெஜோ, ரெனோ என்ற பெயர்கள் நினைவுக்கு வருவது இயல்பு. அந்தக் கார்கள் மில்லிமீட்டரில் பிறந்தவை. சுற்றியிருந்த பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வந்த டிராக்டர்களோ அங்குலத்தில் பிறந்தவை. 1934 முதல் 1957 வரை உருவான சித்ரோயன் டிராக்ஸியோன் அவான் காரின் புகழ்பெற்ற மிஷ்லின் டயர் அளவு 165-400. இதில் 400 என்பது ரிம்மின் விட்டம், மில்லிமீட்டரில். பதினாறு அங்குலம் என்றால் 406.4. வித்தியாசம் வெறும் ஆறு சொச்சம்தானே என்று 16 அங்குல டயரை 400 ரிம்மில் மாட்டினால், டயரின் விளிம்பு ரிம்மில் கவ்வாது, வளைவில் கழன்றுகொள்ளும். டயர் கிடைக்கவில்லை என்பதற்காக ஹப்போடு சேர்த்து 16 அங்குல டிராக்டர் சக்கரத்தையே மாட்டிவிடலாம் என்று அடுத்த யோசனை போகும். முதல் ஆபத்தைத் தவிர்க்க அதைவிடப் பெரிய ஆபத்தைத் தேடிக்கொள்வது அது. 400 அளவு டயரைப் பழங்கார்களுக்காக மிஷ்லின் இன்றும் தயாரிக்கிறது. விலை கடிக்கும், அது வேறு விஷயம். மரையிலும் இதே கதைதான். பிரெஞ்சுக் காரின் 12 மி.மீ. போல்ட்டில் இங்கிலீஷ் அரை அங்குல நட்டு நுழைந்துவிடும், ஏனென்றால் அரை அங்குலம் 12.7 மி.மீ. கையில் சுற்றும்போது லேசாக ஏறும். இறுக்கும்போது பிடித்த மாதிரியும் இருக்கும். பிடித்திருப்பது மரையின் நுனி மட்டும். அங்குல மரைகளுக்குள்ளேயே இங்கிலாந்தின் விட்வொர்த் மரையின் கோணம் 55 பாகை, அமெரிக்க மரையின் கோணம் 60 பாகை. இந்தக் குழப்பத்தால் இரண்டாம் உலகப் போரில் பட்ட பாட்டால்தான் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் 1948 நவம்பரில் ஒரே மரை அளவுக்கு உடன்பட்டன. நாம் பேசுகிற வண்டிகளில் பல அந்த உடன்பாட்டுக்கு முந்தியவை.

‘டிராக்டர் ஹப் காருடையதைவிடக் கனமானது, கரடுமுரடான வயலைத் தாங்குவது. அது காரைத் தாங்காதா?’ என்பது அடுத்த ஆட்சேபம். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. பாரம் மட்டுமே கேள்வியாக இருந்தால் தாங்கும். வேகத்தைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் நிலைமை மாறுகிறது. டிராக்டர் டயரில் ஏ6 என்று குறியிருந்தால் 30 கி.மீ. வேகம், ஏ8 என்றால் 40 கி.மீ.; அதற்குமேல் அதன் தயாரிப்பாளரே பொறுப்பேற்பதில்லை. 6.00-16 சக்கரம் 30 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 220 சுற்றுச் சுற்றும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போனால் அது 600 சுற்றை நெருங்கும். சேற்றைத் தடுக்கவென்று அழுத்தமாகப் போட்ட சீல் அந்த வேகத்தில் சூடேறும், கிரீஸ் இளகி வழியும். இரண்டாவது, டிராக்டரின் முன் ஆக்சிலுக்கு ஸ்பிரிங் இல்லை. நடுவில் ஒரு பின்னில் ஊஞ்சலாடுகிறது, அவ்வளவுதான். காரின் ஸ்பிரிங்குக்குக் கீழே கனத்தைக் கூட்டினால் ஒவ்வொரு குழியிலும் சக்கரம் தரையை விட்டு எழும்பித் திரும்ப அறையும். மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது, பிரேக். பழைய டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரங்களுக்கு மட்டும்; இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி பெடல், வயலில் ஒடித்துத் திருப்ப வசதியாக. முன் ஹப்பில் டிரம் கிடையாது. காரில் பிரேக் அடிக்கும்போது பாரம் முன்னால் சாய்வதால், நிறுத்தும் வேலையில் பாதிக்கு மேல் முன் சக்கரத்தின் தலையில்தான் விழுகிறது. அங்கே பிரேக்கே இல்லாத ஹப்பை மாட்டுவது, வண்டியை நிறுத்தும் சக்தியைப் பாதிக்கு மேல் கழற்றி எறிவதற்குச் சமம். முன் பிரேக் இல்லாமலே ஓடிய மாடல் டி மாதிரியான கார்களுக்கு இந்த வாதம் பொருந்தாது என்று ஒருவர் சொன்னால், அவர் சொல்வது சரி. ஃபோர்ட் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் கொடுத்தது 1927-இன் இறுதியில் வந்த மாடல் ஏ காரில்தான். அதற்கு முந்தைய கார்கள் அன்றைய டிராக்டருக்கு நெருங்கிய சொந்தம். இனி வேகத்துக்கு வருவோம். 1933-இல் டல்லாஸில் பார்னி ஓல்ட்ஃபீல்ட் என்ற பந்தய வீரர் அலிஸ்-சால்மர்ஸ் டிராக்டரை மணிக்கு 64.28 மைல் வேகத்தில் ஓட்டிக் காட்டினாரே என்று கேட்பவரும் உண்டு. ஓட்டினார். டயர் விற்க நடத்திய விளம்பரம் அது. அதற்கென்றே தயார் செய்த டிராக்டரில், காலியான பாதையில், தொழில்முறைப் பந்தய ஓட்டுநர் ஓட்டியது. குடும்பத்தோடு மகாபலிபுரம் போவது வேறு சங்கதி.

எதிர்வாதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது டயர் வண்டி. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் மாட்டு வண்டியின் மரச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, கழித்துப்போட்ட கார், லாரி ஆக்சிலை ஹப்போடும் பேரிங்கோடும் பொருத்தித் தலைமுறைகளாக ஓட்டியிருக்கிறார்கள். ஊருக்குள் அதற்கு ‘டன்லப் வண்டி’ என்று பெயர். பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநர் என்.எஸ். ராமசாமி 1970களில் மாட்டு வண்டி மேம்பாட்டைத் தேசியப் பிரச்சினையாகவே எடுத்துப் பேசினார். மரச் சக்கரத்தின் உராய்வும் கனமும் மாட்டின் உயிரை எப்படி எடுக்கின்றன என்பது அவருடைய ஓயாத வாதம். அந்தச் சுமையைக் குறைத்ததில் கார், லாரியின் பழைய ஹப்புக்குப் பெரிய பங்கு உண்டு. அப்படியானால் ஹப் மாற்றம் வெற்றி பெற்ற இடம் இருக்கத்தான் செய்கிறது. ஏன் வெற்றி பெற்றது? 80 கி.மீ. வேகத்துக்கென்று செய்த பேரிங் இங்கே மாட்டின் நடைக்கு, நிமிடத்துக்கு முப்பது சுற்றுக்கு இறங்கிவிட்டது. பிரேக் டிரம் வீணாகத் தொங்கினாலும் கெடுதல் இல்லை. வேகமான வண்டியின் ஹப் மெதுவான வண்டிக்கு இறங்கி வரலாம், மெதுவான வண்டியின் ஹப் வேகமான வண்டிக்கு ஏறக்கூடாது என்று இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. ஊர்ப் பட்டறைகள் எழுதி வைக்காமலே கடைப்பிடித்த விதி இது. மாட்டு வண்டிக் குடத்தைக் கழற்றிக் காரில் மாட்ட யாரும் நினைத்ததில்லை அல்லவா!

ஆனால் இறங்குவதற்கும் ஒரு வரம்பு உண்டு, அது பாரம். வில்லிஸ் ஜீப் மொத்தமே சுமார் 1,100 கிலோ. ஒரு சக்கரத்துக்கு 275 கிலோ. அந்த ஹப்பை டிராக்டர் டிரெய்லருக்குப் போட்டு ஐந்து டன் கரும்பு ஏற்றினால், நான்கு சக்கர டிரெய்லரில்கூட ஒரு சக்கரத்துக்கு 1,250 கிலோ, டிரெய்லரின் சொந்த எடை தனி. ரோலர் பேரிங்கின் ஆயுளுக்கு ஒரு கணக்கு உண்டு: பாரம் இரட்டித்தால் ஆயுள் பாதியாகக் குறைவதில்லை, பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. நாலரை மடங்கு பாரத்துக்கு என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. வேகம் குறைவு என்ற ஆறுதல் இங்கே செல்லாது. அறுவடைக் காலத்தில் முண்டியம்பாக்கம் போன்ற இடங்களின் சர்க்கரை ஆலைகளுக்குப் போகும் சாலைகளில், சக்கரம் சாய்ந்த டிரெய்லரை நடுவழியில் பார்க்காத விவசாயி இருக்க முடியாது. லாரி ஹப் போட்ட டிரெய்லர் நிற்காமல் போகும், ஜீப் ஹப் போட்டது நிற்கும். இரண்டும் பழைய ஹப்தான். பழசு என்பது குற்றமல்ல, சுமக்கத் தகுதியில்லாததைச் சுமக்க வைப்பதுதான் குற்றம்.

கடைசி ஆட்சேபம் உணர்ச்சிவசமானது. ‘ஒரிஜினல் ஹப் கிடைக்காது. டிராக்டர் ஹப்பும் கூடாது என்றால், தாத்தா வாங்கிய காரைத் துருப்பிடிக்க விடுவதா?’ விட வேண்டாம். ஹப் என்பது லேத்தில் செய்யக்கூடிய பொருள். அதன் ரகசியமெல்லாம் பேரிங் எண்ணில் இருக்கிறது. டேப்பர் ரோலர் பேரிங்குகளின் அளவுகள் பல பத்தாண்டுகளாக நிலைத்தவை. காரின் பெயர் தெரியாத கடைக்காரர்கூட பேரிங்கின் விளிம்பில் பொறித்த எண்ணைப் பார்த்து எடுத்துக் கொடுப்பார். எண் அழிந்திருந்தால் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் வெர்னியரில் அளந்து தேடலாம். பேரிங் கையில் வந்துவிட்டால் அதற்கேற்ற கூட்டைக் கடைந்து, காரின் பழைய பிசிடியையே வைத்து, பழைய டிரம் உட்காரும்படி புது ஹப் செய்யலாம். வார்ப்பிரும்பில் வேண்டாம், ஃபோர்ஜ் செய்த எஃகில். கடைந்தபின் விரிசல் சோதனை கட்டாயம். டிராக்டர் உலகத்திலிருந்து காருக்கு நியாயமாக வரக்கூடியது ஒன்று உண்டென்றால் அது பேரிங்தான், அதுவும் அளவும் தாங்குதிறனும் எண்ணோடு எண் ஒத்திருந்தால் மட்டும். முதலியார்பேட்டைக்கு இந்த வேலை புதிதல்ல. 1898-இல் தொடங்கிய ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் ஆலை இந்த ஊரில்தான் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஓடியது. ஒரு ஜவுளி ஆலை ஓட வேண்டுமானால் நெசவாளி மட்டும் போதாது. தேய்ந்த ஷாஃப்ட்டையும் உடைந்த பல்சக்கரத்தையும் அன்றன்றே செய்துகொடுக்கிற டர்னரும் ஃபிட்டரும் வேண்டும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் ஆலையைச் சிதைத்தது. 2020-இல் அது ஒரேயடியாக மூடப்பட்டது. அந்த மாதிரி ஆலைகள் மூடும்போது துணி உற்பத்தி நின்றதைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். ஒரு பாகத்தைப் பார்த்து அதேபோல் இன்னொன்று செய்துவிடும் கைகள் கலைந்து போனதைப் பற்றிப் பேச்சே இல்லை. பழைய ஹப்பைத் தேடிச் சென்னையின் புதுப்பேட்டை உதிரிபாகச் சந்தை வரை அலைகிறவர்கள், பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற டர்னர் இருக்கிறாரா என்று முதலில் விசாரிக்கலாம்.

செலவு கூடுதலாகுமே என்றால், ஆகும். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விதிகள்படி, ஐம்பது வயதைத் தாண்டி மூல வடிவில் பேணப்படும் இரு சக்கர வாகனங்களையும் பயணிகளுக்கான நான்கு சக்கர வாகனங்களையும் பழங்கால வாகனமாகப் பதிவு செய்யலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். எண்ணின் நடுவே ‘விஏ’ என்று வரும். சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு இந்தத் தகுதி இல்லை. அந்தப் பட்டியலில் ஹப்பின் பெயர் வரவில்லை என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் டிராக்டர் ஹப்பை நுழைக்க ஆக்சிலை வெட்டி ஒட்டியவர் மூல வடிவம் என்று எந்த முகத்தோடு சொல்வார்? பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா 2012-இல் ஏற்ற டூரின் சாசனமும், செய்கிற மாற்றம் திரும்ப அகற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. லேத்தில் செய்த ஹப்பை நாளைக்கு ஒரிஜினல் கிடைத்தால் கழற்றி வைக்கலாம். வெட்டிய ஆக்சிலை யாராலும் வெட்டாததாக்க முடியாது. போகிறபோக்கில் ஒன்று: இந்த 2021 விதிகளின் கீழ் டிராக்டர் வரவே வராது. ஐம்பது வருஷம் நமக்குச் சோறு போட்ட எந்திரத்தைப் பழம்பொருளாகப் பேணுவதற்கு அந்த மரியாதை கிடையாது. அதனால்தான் அது உதிரிபாகச் சுரங்கமாக மட்டும் பார்க்கப்பட்டு, ஹப் ஹப்பாகக் கழன்று போகிறது. இதையும் யாராவது தில்லிக்கு எழுதிப்போட வேண்டும்.

பழங்கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெயின்ட்டையும் சீட்டையும் பார்க்கும் முன்னால் முன்பக்கம் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றச் சொல்லுங்கள். ஸ்டட் ஓட்டைகள் வட்டமாக இருக்கின்றனவா, ஹப்பின்மேல் பிரேக் டிரம் இருக்கிறதா, ஆக்சிலுக்கும் பேரிங்குக்கும் நடுவே புஷ் தெரிகிறதா, இரு பக்கத்து ஹப்பும் ஒரே மாதிரிதானா என்று பாருங்கள். இதில் ஏதாவது ஒன்று சரியில்லையென்றாலும் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். லாரியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.